மழலை பிந்தும்போது

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டித் திருவண்ணாமலையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மௌனத்தைப் போற்றும் ஊர் திருவண்ணாமலை. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இவ்வூர் வந்து சேர்ந்த ரமண மகரிஷி நெடுங்காலம் பேசாதிருந்தார். பேசத் தொடங்கிய பின்னரும் மௌனத்தையே உயர்ந்த உபதேசமாகக் கொண்டார். கல்லால மரத்தடியில் அமர்ந்து வாய் திறவாமலே பொருள் உணர்த்தும் தென்முகக் கடவுளைச் சிவன் கோயில்தோறும் வணங்கி வருகிறது தமிழகம். இத்தகைய மரபுடைய ஊரில், சொல்லையே செல்வமாகக் கொண்ட கவிஞர்கள் நிறைந்த அவையில், வேறொரு மௌனத்தைப் பற்றி எடுத்துரைப்பது இவ்வுரையின் நோக்கம். பேசவேண்டிய பருவத்தில் பேச்சு வாராத குழந்தையின் மௌனமே அது.

ஞானி தாமே தேர்ந்து மேற்கொள்வது ஒரு மௌனம். குழந்தைக்கோ அது தேர்ந்து கொண்டதன்று, நேர்ந்துவிட்டது. அதனைக் கண்டு வியப்பதற்கோ, தானே கலையும் எனக் காத்திருப்பதற்கோ இடமில்லை. காத்திருப்பதால் இழக்கப்படுவது திரும்பக் கிடைத்தற்கரிய காலம்.

குமரகுருபரரும் காத்திருக்கும் பெற்றோரும்

பேச்சுத் தாமதம் பற்றிப் பேசத் தொடங்கினால் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது குமரகுருபரர் வரலாறு. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றிய அப்பெருமான் ஐந்து வயதுவரை பேசவில்லை என்பது மரபுவழிச் செய்தி. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று விரதமிருந்தனர் என்றும், முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் அவ்வரலாறு கூறும். பேசாப் பிள்ளையாக இருந்தவரே பிற்காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழையும் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழையும் அருளினார் என்பது எண்ணி இன்புறத்தக்கது.

இவ்வரலாற்றின்பால் கொண்ட பத்தியில் குறையில்லை. ஆனால், “குமரகுருபரரே ஐந்து வயதில்தானே பேசினார்?” என்று சொல்லி ஒரு குடும்பம் வாளா இருந்துவிடுமானால், அவ்வரலாறு சரியாகப் படிக்கப்படவில்லை என்றே கொள்ளவேண்டும். அவருடைய பெற்றோர் வாளா இருந்தவர் அல்லர். குறையைக் குறை என்று உணர்ந்தனர். பிள்ளையை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். அக்காலத்தில் அவர்கள் அறிந்த வழி அது. இக்காலத்தில் அதனோடு வேறு வழிகளும் திறந்துள்ளன.

இன்றும் வீடுகளில் வழங்கும் ஆறுதல் மொழிகள் சில உள. “ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்” என்பது ஒன்று. ஆண் குழந்தைகள் சற்றுப் பிந்துவது மெய்யே. எனினும் அவ்வேறுபாடு சில வாரங்கள், மிஞ்சினால் ஒன்றிரண்டு மாதங்கள், ஆண்டுக்கணக்கில் அன்று. “இவன் தாய்மாமனும் இப்படித்தான் இருந்தான்” என்பது மற்றொன்று. மொழித் தாமதம் குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. ஆதலின் தாய்மாமனின் வரலாறு ஆறுதலுக்குரியதன்று, முன்னெச்சரிக்கைக்குரியது. வசம்பை உரசித் தேனில் குழைத்து நாவில் தடவுவதும் வழக்கம். நாவில் தடவும் மருந்தால் மொழி வருவதில்லை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது நஞ்சாகவும் கூடும் என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

பருவங்களின் கணக்கு

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகக் கண்டது பிள்ளைத்தமிழ் மரபு. காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்த பாட்டியல் நூலார், மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள்வரை ஒற்றைப்படைத் திங்களில் அவற்றைப் பாடுவதற்கு இடம் வகுத்தனர். செங்கீரைப் பருவத்துக்கு உரை காண்போருள், கீர் என்பதற்குச் சொல் எனப் பொருள் கொண்டு, குழந்தை பொருளற்ற ஒலிகளை எழுப்பத் தொடங்கும் பருவம் அது என்பாரும் உண்டு. இன்ன திங்களில் இன்னது செய்யும் என்று எதிர்பார்த்துக் குழந்தையை உற்று நோக்கும் பழக்கம் தமிழுக்குப் புதியதன்று என்பதற்கு இதுவே சான்று.

இக்கால மொழி வளர்ச்சி ஆய்வு தரும் கணக்கு வருமாறு. ஆறு முதல் ஒன்பது மாதங்களில் குழந்தை ‘பாபா’, ‘மாமா’ என அசைகளை அடுக்கி ஒலிக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும். ஓராண்டையொட்டிப் பொருளுள்ள முதற்சொல் வரும். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டும். ஒன்றரை ஆண்டில் சில சொற்களேனும் நிலைபெற்றிருக்கும். சொல்வதைப் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். இரண்டு ஆண்டில் ஏறத்தாழ ஐம்பது சொற்கள் அமைந்து, ‘அம்மா வா’, ‘பால் குடு’ என இருசொல் தொடர் பிறக்கும். மூன்று ஆண்டில் சிறு வாக்கியங்கள் அமையும். வெளியார்க்கும் பேச்சின் பெரும்பகுதி விளங்கும்.

இக்கணக்கில் சில வாரங்கள் முன்பின்னாவது இயல்பு. மூன்று வயதுக் குழந்தை ழகரத்தையும் றகரத்தையும் திருத்தமாக ஒலிக்கவில்லையென்று அஞ்சவும் வேண்டா. அவை பிந்தி அமையும் ஒலிகள். ஓராண்டுக்குப் பின்னும் சுட்டிக் காட்டாமை, ஒன்றரை ஆண்டில் ஒரு சொல்லும் இன்மை, இரண்டு ஆண்டில் இருசொல் தொடர் இன்மை ஆகியவை காலம் தாழ்த்தாமல் வல்லுநரிடம் காட்டவேண்டிய அறிகுறிகள். வந்த சொற்கள் எந்த வயதிலேனும் மறைந்துபோதல் இவை அனைத்தினும் கடியது.

பேச்சு வேறு, மொழி வேறு என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. நெஞ்சு, மிடறு, நா, பல், இதழ், மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் முயற்சியால் ஒலி பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். அது பேச்சு. அவ்வொலிகளால் பொருளை அறிதலும் அறிவித்தலும் மொழி. அண்ணாமலையார் கோயிலில் கிளிக் கோபுரம் என ஒன்று உண்டு. அருணகிரிநாதர் கிளியுருவில் அமர்ந்த இடமெனத் தலவரலாறு போற்றும். அக்கிளி அருள் பெற்றது. வீட்டுக் கூண்டிலுள்ள கிளியோ கேட்ட சொல்லை ஒலிக்குமேயன்றித் தன் பசியைத் தொடராக்கிச் சொல்லாது. சில குழந்தைகள் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வர். விளம்பரப் பாட்டை முழுதும் ஒப்புவிப்பர். ஆனால் தண்ணீர் வேண்டுமென்று கேட்க அறியார். பேச்சு இருந்தும் மொழி பிந்திய நிலை இது. ‘நன்றாகத்தானே பேசுகிறான்’ என இதனைக் கடந்துவிடுதல் பிழை.

இரண்டு வயதில் பேச்சு பிந்திய குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் பிறகு தாமாகவே பிறரை எட்டிப்பிடிப்பதுண்டு. ஆனால் எக்குழந்தை எட்டிப்பிடிக்கும், எது பின்தங்கும் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல இயலாது. 1997இல் அமெரிக்காவில் டாம்ப்ளினும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பள்ளி புகும் வயதினருள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் வேறு வெளிப்படையான காரணம் இன்றியே மொழிக் குறைபாடு உடையவராகக் காணப்பட்டனர். அத்தகையோர் வகுப்பில் மந்தமானவர், அடங்காதவர் என்று பெயர் பெற்றுவிடுகின்றனர். ‘அவன் வந்தாள்’, ‘நான் போனான்’ எனப் பால், இட விகுதிகளில் தடுமாறும் பள்ளிச் சிறுவனை இலக்கணம் படிக்காதவன் என்று கடிந்துகொள்ளுமுன், அவனுக்கு மொழியே கடினமாக இருக்கிறதோ என எண்ணிப் பார்த்தல் ஆசிரியர் கடமை.

செவியே முதல் வாயில்

பேரரசர் அக்பர், மொழி மனிதர்க்கு இயற்கையாகவே வருமா என அறிய விரும்பிச் சில குழந்தைகளைத் தனி மாளிகையில், பேச்சொலி கேளாதபடி வளர்க்கச் செய்தார். 1582இல் அவர் சென்று பார்த்தபோது அக்குழந்தைகளிடமிருந்து எந்தச் சொல்லும் வரவில்லை என்பதை அபுல் பசலின் அக்பர்நாமா பதிவு செய்துள்ளது. ஊமை மாளிகை எனப் பெயர் பெற்ற அவ்விடத்தின் கொடுமை ஓர் உண்மையை நிறுவியது: மொழி உட்புகாமல் மொழி வெளிப்படாது.

காது கேளாமல் பிறக்கும் குழந்தை, அன்பான பெற்றோர் நடுவே இருந்தும் அத்தகைய மாளிகையிலேயே வாழ்கிறது. ஆதலின் பேச்சு பிந்தும் எக்குழந்தைக்கும் முதலில் செய்யவேண்டியது செவித்திறன் சோதனை. கதவொலிக்குத் திரும்புகிறது, பட்டாசுக்கு அஞ்சுகிறது என்பவை போதிய சான்றாகா; உரத்த ஒலியைக் கேட்கும் குழந்தைக்குச் சொல்லின் நுண்ணொலிகள் கேளாதிருக்கலாம். பிறந்த சில நாட்களிலேயே, உறங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முதற்சோதனையை முடித்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் பயிற்சித் தொடக்கம் என்பது உலகெங்கும் வலியுறுத்தப்பெறும் அளவு. ஆறு மாதத்துக்கு முன் குறை கண்டறியப்பட்ட குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டோரைவிட மொழியில் தெளிவாக முன்னேறியிருந்தனர் என 1998இல் கொலராடோவில் யோஷினாகா-இட்டானோ என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் நிறுவினர். மாமன் மகள், அக்காள் மகள் என உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கம் நிலவும் பகுதிகளில் பிறவிச் செவிட்டுத்தன்மை மிகுதியாதலின், அத்தகைய குடும்பங்கள் இதில் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், ஆறு வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகட்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை மருத்துவம் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. அக்கருவி ஒலியைத் தருமேயன்றி மொழியைத் தராது. கருவி இயங்கத் தொடங்கும் நாளே அக்குழந்தைக்குச் செவி பிறந்த நாள். அதன்பின் நாள்தோறும் பயிற்சி தொடரவேண்டும். சைகை மொழியும் இலக்கணமுள்ள முழுமையான மொழியே என்பதையும் மறத்தலாகாது. செவிவழியோ கைவழியோ, ஒரு மொழி குழந்தைக்கு முதலாண்டுகளிலேயே கிடைத்தாக வேண்டும். இரண்டும் இன்றி விடுதலே பெருங்கேடு.

தாயும் வகுப்பில் அமரும் பள்ளி

இத்துறையில் தமிழகம் பெருமையுடன் சுட்டத்தக்கது சென்னையிலுள்ள பாலவித்யாலயா. 1969இல் தொடங்கப்பெற்ற அப்பள்ளி, காது கேளாத மழலையர்க்கே உரியது. குழந்தை பள்ளி வயதை அடைந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மேலோங்கியிருந்த காலத்தில், கைக்குழந்தைப் பருவத்திலேயே பயிற்சியைத் தொடங்கவேண்டும் என்பதை அது கொள்கையாகக் கொண்டது. தாயரும் குழந்தையோடு வகுப்பில் அமர்ந்து கற்கின்றனர். சொற்களைத் தனித்தனியே மனனம் செய்விப்பதைவிட, இயல்பான உரையாடல் வழியே மொழியை வளர்ப்பது அங்குள்ள முறை. அம்முறைக்கு ‘த்வனி’ என்பது பெயர். அங்குப் பயிலும் பிள்ளைகள் பிறகு பொதுப்பள்ளிகளில் பிறரோடு சேர்ந்து படிக்கச் செல்வதே அதன் இலக்கு.

மைசூரில் 1965இல் அமைந்த அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனம் இத்துறைக்கு வல்லுநர்களை உருவாக்கி வருகிறது. எனினும் பாலவித்யாலயா கற்பிக்கும் பாடம் வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. பயிற்சியாளர் கிழமைக்கு ஒருமணி நேரம் குழந்தையோடு இருப்பார். தாயும் பாட்டியும் விழித்திருக்கும் நேரமெல்லாம் இருப்பர். ஆதலின் அவர்கட்குக் கற்பிப்பதே நல்ல பயிற்சியின் பெரும்பகுதி.

பயிற்சி என்பது யாது?

பேச்சுப் பயிற்சி என்றதும் நாவை நீட்டி மடக்கும் பயிற்சியென்று எண்ணுவோர் பலர். மொழி பிந்திய மழலைக்கு அது அன்று. குழந்தையின் முகத்துக்கு நேரே, அதன் உயரத்துக்குத் தாழ்ந்து அமர்தல் முதற்படி. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதையே பேசுதல் இரண்டாவது. அது கோழியைப் பார்க்கும்போது பாடநூலின் யானையைக் காட்டுவதால் பயனில்லை. குழந்தை ‘பா’ என்றால், ‘பாலா? பால் வேணுமா? சூடான பால்’ எனச் சற்றே விரித்துத் திருப்பித் தருதல் மூன்றாவது. ‘இது என்ன, சொல்லு’ என்று ஓயாமல் தேர்வு வைத்தல் குழந்தையின் வாயை அடைக்கும். சொல்லாவிடில் தாரேன் எனப் பண்டத்தை மறுத்தலும் அத்தகையதே. ஒன்றைச் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருத்தல் நான்காவது. இக்காத்திருத்தல், வீணே ஆண்டுகளைக் கழிக்கும் காத்திருத்தல் போன்றதன்று. குழந்தையின் முறையைக் குழந்தைக்கு விட்டுத்தரும் காத்திருத்தல்.

எந்த மொழியில் பேசுவது என்ற ஐயமும் எழும். வீட்டில் உயிர்ப்புடன் வழங்கும் மொழியே தக்கது. ‘உணவருந்துகிறாயா?’ என்று செந்தமிழில் கேட்பதினும் ‘சோறு திங்கிறியா?’ எனத் தாய் தன் வழக்கில் கேட்பதே குழந்தைக்கு உணவாகும். தெலுங்கோ உருதுவோ பேசும் இல்லங்களும் தம் மொழியைக் கைவிட வேண்டா. இரு மொழி கேட்பதால் மொழிக் குறைபாடு தோன்றுவதில்லை. கைப்பேசித் திரையோ பேசுமேயன்றிக் குழந்தையின் மறுமொழிக்குச் செவிசாய்க்காது. இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டா எனவும், அதன்பின் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒருமணி நேரத்துக்கு மிகலாகாது எனவும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியுள்ளது.

எட்டும் தொலைவில் உள்ளவை

2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். குறை காணப்பட்டோரை மேல் சோதனைக்கும் பயிற்சிக்கும் ஏற்கும் இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை மாற்றுத்திறன்களையே குறித்தது; பேச்சு மொழிக் குறைபாடு அவற்றுள் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளைக் கொண்டது. பேச்சு மொழிக் குறைபாடும் அதில் இடம்பெற்றது.

சட்டமும் திட்டமும் இருந்தும், சவ்வாது மலையின் சிற்றூரிலிருந்து ஒரு தாய் பேருந்து பிடித்து மாவட்டத் தலைநகர் வந்து திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். கிழமைதோறும் அவ்வாறு வருதல் எளிதன்று. இத்தகையோர்க்கு அங்கன்வாடி ஊழியரின் சொல்லும், வீட்டில் செய்யத்தக்க பயிற்சியுமே கைகொடுக்கும். ‘இன்னும் ஓராண்டு பார்க்கலாம்’ என்று அண்டைவீட்டார் சொல்லும் ஒரு சொல் அக்குழந்தையின் ஓராண்டைக் கொண்டுபோகும். ‘ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்’ என்னும் சொல் அதனை மீட்டுத் தரும்.

கவிஞர்க்கு உரிய பணி

இவ்விடத்தில்தான் இலக்கிய வட்டத்துக்கும் இப்பொருளுக்கும் உள்ள உறவு புலப்படும். கைவீசு பாட்டும், சாய்ந்தாடு பாட்டும், நிலாவை அழைக்கும் பாட்டும் தமிழ்த் தாயர் வகுத்த மொழிப் பயிற்சிகள். ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. சொல்லோடு செயல் இணைகிறது. தாயின் முகமும் குழந்தையின் முகமும் எதிரெதிரே அமைகின்றன. பழகிய பாட்டின் ஈற்றுச் சொல்லுக்கு முன் தாய் நிறுத்திக் குழந்தையின் முகத்தைப் பார்த்தால், அவ்வெற்றிடத்தை நிரப்பக் குழந்தை முயலும். முதலில் ஓர் அசைவு, பிறகு ஓர் ஒலி, பிறகு ஒரு சொல். பயிற்சியாளர்கள் நாள்தோறும் கையாளும் உத்திகளுள் இதுவும் ஒன்று. அடியின் இறுதியில் செவி எதனை எதிர்நோக்கும் என்பதைக் கவிஞரைவிட அறிந்தவர் யார்?

கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகட்குப் பாடினர். அவர்கள் பாடியவை பெரும்பாலும் பேசத் தெரிந்த குழந்தைகட்கு. பேச்சின் வாயிலில் நிற்கும் குழந்தைக்கெனப் பாடல் இயற்றுவது வேறு கலை. இதழ்களால் எளிதில் பிறக்கும் பகர மகர ஒலிகள் மிகுந்திருக்கவேண்டும். ஈரசைச் சொற்கள், அன்றாடப் பொருள்கள், திரும்ப வரும் தொடர், கைக்கும் காலுக்கும் வேலை, நிறுத்துவதற்கு ஓர் இடம் ஆகியவை அமையவேண்டும். புதுமை நாடும் புலவர்க்கு அது எளிய பணியன்று. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் அத்தகைய பாடல்கள் இருபதேனும் இயற்றி, சிறு நூலாக்கி, அங்கன்வாடிகளில் சேர்ப்பிக்குமானால், அப்பாடல்களின் சுவையை அளப்பவர் திறனாய்வாளர் அல்லர். நிறுத்திய இடத்தில் வாய் திறக்கும் ஒரு குழந்தையே.

மழலைச் சொல்லின் இனிமையை வள்ளுவர் மக்கட்பேற்றில் போற்றினார். அவ்வினிமை பிந்தும் வீடுகள் இவ்வூரின் ஒவ்வொரு தெருவிலும் இருக்கக்கூடும். தீபத் திருநாளில் மலையுச்சிச் சுடரை நோக்கிக் கைகூப்பும் கூட்டத்தில், தோள்மேல் அமர்ந்து ஒளியைச் சுட்டிக் காட்டாத, ‘தீ’ என்றோ ‘சாமி’ என்றோ சொல்லாத குழந்தையும் இருக்கும். அருகில் நிற்பவர் அதனைக் கண்டுகொண்டு, உரிய இடத்துக்கு வழி சொல்ல வேண்டும். சொல்லின் அருமை அறிந்தவர்க்கு அக்கடமை இருமடங்கு.